முப்பது டன், பதினெட்டு கிராம்

இரவு முழுக்க இரண்டு விரலால்
முப்பது டன் தூக்குகிறேன்.
த்ரியெஸ்தே துறைமுகம், நாற்பது மீட்டர் உயரத்தில்
ஒரு கண்ணாடிக் கூண்டு.
கைப்பிடிக்கு எடையே கிடையாது.
கீழே ஆடுவது சாந்தோஸிலிருந்து வந்த காப்பிக்கொட்டையா
கழிப்பறைத் தொட்டிகளா
விரலுக்குத் தெரியாது,
திரை சொன்னால்தான் உண்டு.

விடிகாலை ஐந்தரைக்கு வீடு.
லீவியோ ஏழுவரை தூங்கியாக வேண்டும்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்,
கண் அசந்தால் நாற்பது பிள்ளைகள்.
எங்கள் பழைய எந்திரம் பம்பு வைத்தது,
உறுமத் தொடங்கினால்
சுவரில் மாட்டிய தட்டு நடுங்கும்.
அதனால்தான் கையால் அழுத்தும் எந்திரம் பார்க்கப் போனேன்.
ருசிக்காக என்று
எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

சான் ஜாக்கோமோ ஏற்றத்தில் எர்மீனியாவின் கடை.
முன்கையில் எண்ணெய், நெற்றிமேல் மூக்குக்கண்ணாடி.
எவ்வளவுக்குள் வேண்டும் என்று கேட்கவில்லை அவள்.
"அடுத்தடுத்து எத்தனை கோப்பை போடுவாய்?" என்றாள்.

பித்தளைக் கொதிகலனும் வில்சுருளும் கொண்ட பெரியதில்
பிடியை இறக்கிவிட்டால் போதும்,
மிச்சத்தைச் சுருளே அழுத்திக்கொள்ளும்.
நான் தொடங்கிய வாக்கியத்தை
அதுவே முடித்துவிடுகிறது.
எனக்கு அப்படி ஓர் அக்கா இருக்கிறாள், போதும்.

பக்கத்தில் சின்னது, பளபளவென்று, பார்த்ததும் ஆசை.
மூன்றாம் கோப்பைக்குள் சூடேறித் தறிகெடும்,
தொட்டால் கொப்புளம் என்று
தன் மணிக்கட்டைக் காட்டினாள் எர்மீனியா,
தானே விற்க வைத்திருக்கும் பொருளைப் பற்றி.

கடைசியாக ஒன்றைத் துணி விலக்கி எடுத்தாள்.
மின்கம்பி இல்லை, கொதிகலன் இல்லை.
ஓர் உருளை, ஒரு நெம்புகோல், இரும்புக் கால்.
கெண்டி நீரை நீயே ஊற்று, நீயே அழுத்து.
"பழி போட இதில் யாருமில்லை" என்றாள்.

அழுத்தினேன்.
அது திருப்பி அழுத்தியது.

பதினாறு வருடத்தில் முதல் முறையாக
ஒரு கைப்பிடி எனக்குப் பதில் சொன்னது.
வெறும் பதினெட்டு கிராம் தூள்,
தோள்பட்டை மொத்தத்தையும் கேட்டது.
முள் ஆறில் தயங்கி, எட்டைத் தொட்டு
ஒன்பதில் நின்றது.
நானூற்று இருபது யூரோ.
பேரம் பேச மறந்துபோனேன்.

வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது,
கெண்டி விசிலடிக்கும்.
விசிலைப் பிடுங்கிப் போட்டேன்.
மின் அரவை அலறும்.
கையால் சுற்றும் அரவை வாங்கினேன், இன்னொரு நூற்றைம்பது.
அதுவும் கரகரத்தது.
வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து அரைத்தேன்.
படிக்கட்டு விளக்கு ஒன்றரை நிமிடத்தில் தானே அணையும்,
எழுந்து போய்ப் பொத்தானை அமுக்குவேன், மறுபடி உட்காருவேன்,
நான்காம் நாள் இருட்டே பழகிவிட்டது.
கீழ்வீட்டு ப்ரெமோலி நாயோடு ஏறி வந்தார்.
முழங்கால்களுக்கிடையே எதையோ திருகும் என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை,
காலை வணக்கம் மட்டும் சொன்னார்.

புளித்தது. கசந்தது.
ஒருநாள் பீய்ச்சியடித்து நாட்காட்டியில்
பிப்ரவரி முழுவதும் பழுப்பானது.
ஒருநாள் முழு உடம்பையும் சாய்த்தும்
சொட்டுகூட இறங்கவில்லை.

போரா காற்று வீசிய இரவில்
கிரேன்களை நிறுத்திவிட்டார்கள், மூன்று மணிக்கே வீடு.
சன்னல் சட்டங்கள் அத்தனையும் தடதடக்க
நான் மட்டும் கரண்டியை
ஓசைப்படாமல் துணிமேல் வைத்தேன்.
மெல்ல அழுத்தினேன்.
எலிவால்போல ஒற்றை இழை,
செம்பழுப்பாய், அறாமல்,
கோப்பைக்குள் இறங்கியது.

வாசலில் லீவியோ.
எழுப்பிவிட்டேனா?

"பழையது கத்தும்போது நன்றாகத் தூங்கினேன்.
இது வந்ததிலிருந்து மூன்று வாரமாய்
விழித்துக் கிடக்கிறேன்,
இழுத்துப் பிடித்த மூச்சை
நீ எப்போது விடுவாய் என்று."

ஒரே கோப்பை எந்திரம்.
அதை அவனிடம் தள்ளிவிட்டு
கெண்டியை மறுபடி அடுப்பில் வைத்தேன்,
விசிலை எங்கே போட்டேன் என்று
இழுப்பறையைத் துழாவிக்கொண்டே.